சேக்காளியோடு விளையாடட்டும்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக இருக்கிறேன். ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சிலும் வித்தியாசம் தெரிகிற ஒரு வளர்ச்சி நிலை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளும் அவர்களுக்குச் சேக்காளிகளாக, அதாவது விளையாட்டுத் தோழர்களாக, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள். கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்க ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், அவனுக்கு இன்னும் பேச்சே வரவில்லை. பேச்சு வந்த பிறகு மற்ற பிள்ளைகளோடு சேர்த்தால் போதாதா?

காத்திருக்க வேண்டாம். பேச்சுக்கு முன்னாலேயே நிறைய நடக்கிறது. காக்கா பறந்தால் ஒரு குழந்தை காக்காவைப் பார்க்கும், உடனே அம்மா முகத்தைப் பார்க்கும், திரும்பவும் காக்காவைப் பார்க்கும். "நீயும் பார்த்தியா?" என்று கேட்கிறது அது, ஒரு சொல்லும் இல்லாமல். இப்படி ஒரே பொருளை இரண்டு பேர் சேர்ந்து கவனிப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது, தன் முறை வரும்வரை நிற்பது இவையெல்லாம் பேச்சுக்கு அடித்தளம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் வித்தியாசம் முதலில் தெரிவதும் இந்த இடத்தில்தான்.

ஒரு சாயங்கால விளையாட்டில் இவை எத்தனையோ தடவை தானாக வந்து போகும். மேசை முன்னால் உட்கார வைத்து "பந்து சொல்லு, பந்து சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தால் வராது. ஸ்பீச் தெரபி போய்க்கொண்டிருந்தால் போகட்டும், விளையாட்டும் கூடவே நடக்கட்டும். படம் காட்டிக் கேட்கிற பிள்ளையும், கையைப் பிடித்து இழுத்துக் கேட்கிற பிள்ளையும் விளையாட வரலாம்.

அவன் எப்போதும் தனியாக உட்கார்ந்து காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். அதுவும் விளையாட்டா?

ஆமாம். அவனுக்கு அதில் என்ன இன்பம் என்று நமக்குப் புரியாமல் இருக்கலாம், ஆனால் அது விளையாட்டுதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து 1932-இல் அதை வகைபிரித்தார். தனியாக விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி விளையாடுவது, சாமான்களைக் கொடுத்து வாங்கி விளையாடுவது, எல்லாரும் ஒரே திட்டத்தோடு சேர்ந்து விளையாடுவது. படிப்படியாக ஏறியே தீர வேண்டிய ஏணி என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நாமும் ஒரே நாளில் இந்த எல்லா வகையிலும் இருக்கிறோம். ஆனால் அடுத்து எதற்கு முயற்சி செய்யலாம் என்று பார்க்க இது உதவும்.

சக்கரம் சுற்றுகிற பிள்ளையை அங்கிருந்து பிடுங்கி வட்டத்தில் நிறுத்தினால் அழுகைதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக இன்னொரு பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, அதன் கையிலும் ஒரு காரைக் கொடுங்கள். அதுவும் சக்கரத்தைச் சுற்றட்டும். இன்றைக்கு அது போதும்.

எங்கள் தெருவில் பத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் நடுவில் விட்டால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டானா?

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகளை ஒன்றாக விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் எட்டுப் பேர் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள், ஒருவன் மட்டும் மதிலோரம் எறும்புச் சாரையோடு நடந்துகொண்டிருந்தான். யாரும் அவனை ஒதுக்கவில்லை. அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை, அதோடு விட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பது ஆய்வுகளிலும் பல காலமாகத் தெரிந்த விஷயம். கூட விளையாடும் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்து அவர்கள் வழியாகப் பழக்கும் முறையை 1970-களிலிருந்தே முயன்று பார்த்திருக்கிறார்கள். கோனி கசாரி என்ற ஆய்வாளரின் குழு 60 பிள்ளைகளை வைத்துப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை மட்டும் தனியே அழைத்துப் பயிற்சி கொடுத்ததைவிட, அதே வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அந்தப் பிள்ளை வகுப்பின் நட்பு வட்டத்துக்குள் நன்றாக வந்து சேர்ந்ததை அவர்கள் கண்டார்கள். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் அது இதுதான்: முதல் பாடம் உங்கள் பிள்ளைக்கு இல்லை, கூட விளையாட வருகிற பிள்ளைகளுக்கு.

பத்துப் பேர் வேண்டாம். முதல் மாதம் ஒரே ஒரு பிள்ளை போதும். அப்புறம் இரண்டு, மூன்று. அதே முகங்கள், அதே இடம், அதே நேரம். பமேலா வுல்ஃப்பெர்க் என்ற ஆய்வாளர் உருவாக்கிய கூட்டு விளையாட்டுக் குழு முறையிலும் குழு சிறியதாகத்தான் இருக்கும். ஆட்டிசம் உள்ளவர்களைவிட விளையாட்டில் தேர்ந்த பிள்ளைகள் கூடுதலாக இருப்பார்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருந்து, தேவைப்படும்போது மட்டும் கைகொடுத்து, பிள்ளைகளுக்குப் பிடிபட்டதும் பின்வாங்கிக்கொள்வார். அந்தப் பின்வாங்குவதுதான் நம்மால் முடியாத காரியம். வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?

மூன்றே விஷயம். பக்கத்தில் இரு. அவன் செய்வதைச் சேர்ந்து செய். செய்வதைப் பற்றி ஒன்றிரண்டு சொல் பேசு. ஹோவர்ட் கோல்ட்ஸ்டீன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும்.

இதோடு நான் சேர்த்துச் சொல்வது, "கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு" என்பது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கேட்டதை வாங்கிக்கொண்டு பதில் கொடுக்க நேரம் வேண்டும். நாம் இரண்டு நொடியில் திரும்பக் கேட்டுவிடுகிறோம், அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தது கலைந்துபோகிறது. பிள்ளைகள் இந்த எண்ணுகிற வேலையை எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்கள் தெரியுமா! உதடு அசைவதைப் பார்த்தாலே எத்தனை வரை வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அப்புறம், பின்னாலிருந்து கூப்பிடாதே, முன்னால் வந்து அவன் உயரத்துக்குக் குனிந்து கூப்பிடு. கையைப் பிடித்து இழுக்காதே. அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன். ஐந்து வயசுப் பையன், பேச்சு இல்லை. தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை அள்ளி உயரத் தூக்கி, அது சரிந்து விழுவதைக் கண் இமைக்காமல் பார்ப்பான். அது ஒன்றுதான் வேலை. நாலாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, இன்னொரு சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து தானும் அதே மாதிரி ஊற்றினாள். முதல் நாள் அவன் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாவது நாள் அவளுடைய சிரட்டையிலிருந்து மண் விழும்போது அவன் தன் கையை நிறுத்தினான். மூன்றாவது வாரம் அவள் தன் வெறும் சிரட்டையை அவன் கைக்குக் கீழே நீட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தாள். ஏழோ எட்டோ எண்ணியிருப்பாள். அவன் அதில் ஊற்றினான். ஊற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, எனக்க சிரட்டையில ஊத்தினான்!" என்று அவள் கத்திய கத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டான் என்பதும் உண்மை. அடுத்த தடவை அவள் கத்தவில்லை, கட்டைவிரலை மட்டும் உயர்த்தினாள்.

கொடுப்பது, வாங்குவது, முகம் பார்ப்பது மூன்றும் அந்தச் சிரட்டை மண்ணில் இருந்தன. விலை கொடுத்து வாங்கிய சாமான் எதுவும் இல்லை.

எந்தெந்த விளையாட்டு நல்லது?

அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரிகிற விளையாட்டு, முறை வைத்து ஆடுகிற விளையாட்டு, பேசாமலும் சேர முடிகிற விளையாட்டு. இவை மூன்றும் நம் ஊர் விளையாட்டுகளில் நிறையவே இருக்கின்றன.

ஊஞ்சலில் ஆரம்பிக்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஓணத்துக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டுவார்கள் இல்லையா, அதை அவிழ்க்காமல் விட்டுவிடுங்கள். சேக்காளி தள்ளட்டும், பிறகு பிடித்து நிறுத்தட்டும். "ஒன்னு, ரெண்டு..." என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கட்டும். "மூணு" என்று வரலாம், ஒரு சத்தம் வரலாம், ஒரு பார்வை வரலாம், காலை ஆட்டலாம். எது வந்தாலும் தள்ள வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

வட்டமாக உட்கார்ந்து ஆடும் குலைகுலையா முந்திரிக்காயில் பாட்டு மாறாது, ஆடும் முறையும் மாறாது. உட்கார்ந்திருப்பதே சேர்ந்து விளையாடுவதுதான் என்பதால் அதிகம் கேட்காத விளையாட்டு அது. பல்லாங்குழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பதினான்கு குழி, இரண்டே பேர், நீ ஒரு முறை, நான் ஒரு முறை. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு முத்தாகப் போட்டுக்கொண்டே போகிற அந்த ஒழுங்கு ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அப்படியே பிடித்துப் போகிறது. சில பிள்ளைகள் எண்ணிக்கையில் பெரியவர்களைத் தோற்கடிப்பார்கள். கையில் கிடைத்ததை வாயில் போடும் பழக்கம் இருந்தால் புளியமுத்து, மஞ்சாடிக்குரு போன்ற விதைகள் வேண்டாம். மண்ணும் கூட ஒரு கண் வைத்துத்தான்.

கட்டை அடுக்குவதில் ஆர்வம் உள்ள கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் 2004-இல் எழுதிய லெகோ (ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டை) முறை நன்றாக ஒத்துவரும். ஒருவர் வரைபடத்தைப் பார்த்து எந்தக் கட்டை என்று சொல்வார், ஒருவர் தேடி எடுத்துக் கொடுப்பார், ஒருவர் பொருத்துவார், பிறகு வேலை மாறும். ஒருவரிடம் ஒருவர் கேட்காமல் வீடு எழும்பாது. விலை உயர்ந்த லெகோ தேவையில்லை. நாங்கள் தீப்பெட்டியும் மரத்துண்டும் வைத்துச் செய்கிறோம்.

கண்ணாமூச்சியைத் தள்ளிப் போடுங்கள். அவன் எங்கே தேடுவான், எனக்குத் தெரிவது அவனுக்குத் தெரியுமா என்று இன்னொருவர் மனசில் இருந்து யோசிக்க வேண்டிய விளையாட்டு அது, பார்க்க எளிமை, உள்ளே கடினம். ஜெயிப்பது தோற்பது உள்ளவையும் பிறகு வரட்டும்.

திருவிழா வெடிச்சத்தம் கேட்டால் கதறுகிறான். கூட்டத்தில் எப்படி விளையாடுவான்?

சத்தம், வெளிச்சம், தொடுகை இவை ஆட்டிசம் உள்ள பலருக்கு நமக்கு இருப்பதைவிடக் கடுமையாக இருக்கும், சிலருக்கு மிகக் குறைவாக இருக்கும். அடம் என்று நினைக்காதீர்கள். கோவில் கொடை, கோவில் திருநாள், பள்ளிவாசல் விழா என்று நம் மாவட்டத்தில் ஒலிபெருக்கி ஓயாத மாதங்கள் உண்டு. அந்த வாரங்களில் விளையாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் போதும்.

எங்கள் முற்றத்தில் மாமரத்து மூட்டில் ஒரு பாய் விரித்திருக்கும். யாருக்கு எப்போது வேண்டுமோ போய் உட்காரலாம், யாரும் போய்க் கூப்பிடக்கூடாது என்பது சட்டம். போகத் தெரிவது பெரிய விஷயம். "எனக்குப் போதும்" என்று சொல்கிறதும் பேச்சுதானே. திரும்பி வர இடம் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. முற்றம் இல்லாத நாளில் இடம் மாறும் என்பதைப் படம் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம், அந்த மழைச் சத்தம் பெரியவர்களுக்கே தாங்காது.

வீட்டில் தமிழ், பாட்டி மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். ஒரே மொழி, அதுவும் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. எத்தனையோ வீட்டில் அம்மாக்கள் தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் "கம், சிட், கிவ்" என்று மூன்று சொல்லில் பிள்ளையை வளர்க்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்குச் சிரிப்பும் கொஞ்சலும் எந்த மொழியில் வருமோ அதில் பேசுங்கள். பாட்டி மலையாளத்தில் கொஞ்சட்டும். தெருவில் விளையாடுகிற பிள்ளை "வா மக்களே" என்றுதான் கூப்பிடும். அந்தக் கூப்பாடு புரியாத பிள்ளைக்குத் தெருவே அந்நியமாகிவிடும்.

அக்கா இருக்கிறாளே, அவளோடு விளையாடினால் போதாதா?

அக்கா நல்ல தொடக்கம். ஆனால் அவன் கேட்பதற்கு முன்பே அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். வெளிப்பிள்ளைக்குத் தெரியாது, அதனால்தான் அவன் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று, அக்காவுக்கும் சேக்காளிகள் வேண்டும், அவளுக்கென்று ஒரு சாயங்காலம் வேண்டும். அவளைத் தெரபிஸ்டாக ஆக்கிவிடாதீர்கள்.

ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடினால் ஒருவரைப் பார்த்து ஒருவர் கெட்டுப்போவார்களா?

இல்லவே இல்லை. இரயில் பெட்டிகளை வரிசையாக அடுக்குகிற இரண்டு பேர் பேசாமல் ஒரு மணி நேரம் ஒரே வரிசையை நீட்டிக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஓர் ஒற்றுமை. தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்ட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-இல் ஒரு கருத்தை எழுதினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நம்மைப் புரிவது கடினம் என்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிவதும் அதே அளவு கடினம்தான், குறை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். இதைப் படித்த பிறகுதான் "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று பிள்ளைகளை வற்புறுத்துவதை நான் முழுசாக விட்டேன். காதால் கவனிக்கிற பிள்ளை கண்ணால் வேறெங்கோ பார்த்தால் என்ன? சந்தோஷத்தில் கையை உதறினால் உதறட்டும். மற்றப் பிள்ளைகளிடம் "அவன் சிரிப்பதே கையால்தான்" என்று சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் வருமா?

வரும். ஆனால் கண்ணில் படாமல் போய்விடுகிறது. பெண் பிள்ளை கூட்டத்தின் ஓரத்தில் அமைதியாக நின்று மற்றவர்கள் செய்வதை அப்படியே செய்துகொண்டிருப்பாள். "அடக்கமான பிள்ளை" என்று பேர் வாங்கிவிடுவாள். யாராவது தானாக வந்து அவளைச் சேர்க்கிறார்களா, அவளாக எதையாவது கேட்கிறாளா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தை வளர்ச்சி பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் என்ன கேட்கலாம்? "எங்களால் பார்க்க முடியாது" என்று சொன்னால்?

எங்கள் குழுவில் உள்ள ஒரு பிள்ளையை ஒரு பள்ளியில் இடைவேளை நேரம் முழுதும் வகுப்புக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள், பாதுகாப்பாம். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகுகிற நேரமே அந்த இருபது நிமிஷம்தான். அதைப் பிடுங்கிவிட்டு அப்புறம் என்ன பழக்குவது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, படிப்போடு விளையாட்டிலும் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சண்டை போடப் போகாதீர்கள், ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். கேட்க வேண்டியது சின்ன விஷயம்: இடைவேளையில் இரண்டு மூன்று பிள்ளைகள் கூட இருக்கட்டும், வாரத்துக்கு வாரம் ஆள் மாறட்டும், ஒரே பிள்ளையின் தலையில் போட வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் பேச உங்களையோ கல்வித் துறையின் வட்டார வளமையத்துச் சிறப்பாசிரியரையோ அனுமதிக்கட்டும். சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

தேதி சொல்ல மாட்டேன். மூன்று மாதத்தில் சரியாக்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது, விளையாட்டும் அதற்காக இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, விளையாட்டு முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள். யார் பக்கத்தில் இருந்தான், யாருக்கு எதைக் கொடுத்தான், எவ்வளவு நேரம் இருந்தான், எப்போது பாய்க்குப் போனான். அப்படி எழுதிய ஒரு அம்மா ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் பக்கத்தைப் புரட்டியபோது "2 நிமிஷம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து அழுதுவிட்டார். அன்றைக்கு அவர் மகள் இருபது நிமிஷம் இருந்துவிட்டு வந்திருந்தாள்.

நான் தூத்தூர்க்காரன், ஆழ்கடலுக்குப் போனால் வர வாரக்கணக்கில் ஆகும். நான் என்ன செய்ய முடியும்?

போகும் நாளையும் வரும் நாளையும் காலண்டரில் படம் ஒட்டிக் காட்டிவிட்டுப் போங்கள். வந்திருக்கிற நாளில் பிள்ளையோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள், தனியாகக் கூட்டிப் போக வேண்டாம்.

உங்களை மாதிரி ஒரு அப்பா செய்ததைச் சொல்கிறேன். கரமடியை, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலையை, இழுக்கிற இடத்துக்கு ஆறு வயசு மகனையும் அண்ணன் மகன்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போயிருக்கிறார். எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்து, ஒரே குரலில் சத்தம் கொடுத்து, ஒரே நேரத்தில் பின்னால் சாய்வார்கள். பையன் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தான். பிறகு கயிற்றின் வால் கிடக்கிற இடத்துக்கு வந்து, பெரியப்பா மகனுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தச் சத்தத்தை அவன் சொல்லவில்லை, ஆனால் சரியான இடத்தில் சாய்ந்தான். ஒரு தடவை முன்னால் இருந்தவன் சாய மறந்தபோது அவன் முதுகைத் தட்டினான்.

கயிறு கையை உராயும், ஒரு பழைய துணியைச் சுற்றிவிடுங்கள். சில பிள்ளைகளுக்குத் துணி பிடிக்காது, அப்படியானால் வால் பக்கம் நனையாத கயிறாகப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மீன் வாடையும் கூச்சலும் அதிகமாவதற்குள், வலை கரை ஏறுவதற்கு முன்பே, வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.